கார்மெனேர்: மெர்லோ என்ற பெயரில் வாழ்ந்த திராட்சை

சிவப்பு ஒயின் பாட்டில்களில் மெர்லோ, ஷிராஸ், மால்பெக் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அது கம்பெனிப் பெயர் என்றோ ஊர்ப் பெயர் என்றோ நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் இல்லை, அது திராட்சை ரகத்தின் பெயர். அரிசி மூட்டையில் பொன்னி, சீரகச் சம்பா என்று எழுதியிருக்கிற மாதிரிதான். ரகம் தெரிந்தால் உள்ளே இருப்பது எப்படியிருக்கும் என்று ஓரளவு யூகிக்கலாம். அதற்கு மேல் மண், வெயில், பறித்த நாள், ஒயின் செய்தவரின் கைப்பக்குவம் என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

ரகம் என்ற இந்த விஷயத்தை விளக்க நான் கார்மெனேர் என்ற திராட்சையை எடுத்துக்கொள்கிறேன். கபர்னே சோவின்யோன் என்ற ரகத்தின் அளவுக்கு இதற்குப் பேர் கிடையாது, பல ஒயின் பட்டியல்களில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் பிரான்சில் பிறந்து, அங்கே கைவிடப்பட்டு, சிலி நாட்டில் பல தலைமுறைகளாக வேறொரு திராட்சையின் பெயரில் விளைந்து, பாட்டிலில் அடைபட்டு, ஏற்றுமதியும் ஆன ரகம் இது. வளர்த்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. 1994-ல்தான் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

முதலில் ஒரு அடிப்படை. உலகத்தில் பேர்பெற்ற ஒயின்கள் கிட்டத்தட்ட எல்லாமே வைட்டிஸ் வினிஃபெரா என்ற ஒரே ஒரு திராட்சை இனத்திலிருந்து வருபவை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் இந்த இனம்தான். வெளியுலகில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். இந்த ஒரே இனத்துக்குள் ஆயிரக்கணக்கான ரகங்கள் இருக்கின்றன. திராட்சை விதையைப் போட்டு முளைக்கவைத்தால் தாய்க்கொடி போலவே ஒரு கொடி வராது, ஒவ்வொரு விதையிலும் புதிதாக ஏதோ ஒன்று வரும். அதனால் பிடித்த கொடி ஒன்று அமைந்துவிட்டால் அதிலிருந்து குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்குவார்கள். கம்பத்திலும் அப்படித்தான், பிரான்சின் போர்தோவிலும் அப்படித்தான். ஆக, இன்று எங்கேயாவது ஒரு கார்மெனேர் கொடி நிற்கிறதென்றால், அது பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் தற்செயலாக முளைத்த ஒரே ஒரு கொடியின் தொடர்ச்சி, அதாவது குச்சியிலிருந்து குச்சி, அதிலிருந்து இன்னொரு குச்சி என்று இன்றுவரை உயிரோடு இருக்கிற அதே செடி. நடுவே சின்னச் சின்ன மாற்றங்கள் நடக்கும், இருந்தாலும் ஆள் அதே ஆள்தான். எங்காவது ஒரு மூலையில் நாலு கொடி பிழைத்திருந்தால் போதும், அந்த ரகம் அழிந்ததாகக் கணக்கில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

கார்மெனேரின் சொந்த ஊர் பிரான்சின் தென்மேற்கில் இருக்கிற போர்தோ. டிஎன்ஏ சோதனைகளின்படி இதன் பெற்றோரில் ஒன்று கபர்னே ஃப்ராங். இதே கபர்னே ஃப்ராங்தான் கபர்னே சோவின்யோனுக்கும் மெர்லோவுக்கும் பெற்றோரில் ஒன்று. அப்படிப் பார்த்தால் மூன்றும் பெற்றோரில் ஒன்று மட்டும் பொதுவான அரை உடன்பிறப்புகள். போர்தோவில் சிவப்பு ஒயின் என்றாலே பல ரகங்களைக் கலந்து செய்வதுதான் வழக்கம்: கபர்னே சோவின்யோன், கபர்னே ஃப்ராங், மெர்லோ, மால்பெக், பெத்தி வெர்தோ, ஆறாவதாக கார்மெனேர். 18-ஆம் நூற்றாண்டில் மெதோக் பகுதியின் நல்ல தோட்டங்களில் இதற்கு மரியாதையான இடம் இருந்தது. நிறம் நன்றாக ஏறும், சுவையில் ஒரு கனம் கொடுக்கும். (நிறம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலான ரகங்களில் சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் வரும். சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்து நொதிக்கவைத்தால் அந்த நிறமும் டானின் என்கிற துவர்ப்பும் சாற்றில் இறங்கும். அப்படிச் செய்தால்தான் சிவப்பு ஒயின்.)

ஆனால் விவசாயிக்கு இந்தக் கொடியோடு ஒத்துப்போவது கஷ்டம். பூக்கிற சமயத்தில் குளிரும் மழையும் வந்தால் பூ கொட்டிவிடும், காய் சரியாகப் பிடிக்காது. குலையைப் பார்த்தால் பாதி காலி. போர்தோவோ கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், வசந்த காலத்தில் மழைக்குக் குறைவில்லை. அடுத்த சிக்கல், பழுக்க ரொம்பத் தாமதமாகும். மெர்லோ பழுத்துப் பறித்த பிறகு இன்னும் மூன்று நாலு வாரம், சில இடங்களில் அதற்கும் மேல் காத்திருக்கவேண்டும். அந்த ஊரில் அதற்குள் இலையுதிர் கால மழை வந்துவிடும், பழம் கொடியிலேயே அழுகும். நல்ல வருஷம் அமைந்தால் அருமையான ஒயின். அப்படி அமைவது அபூர்வம்.

இந்த நிலைமையில்தான் ஃபிலாக்ஸெரா வந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பேன் மாதிரியான பூச்சி, வட அமெரிக்காவைச் சேர்ந்தது. 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு பிரான்சுக்குள் வந்து, வேரைக் கடித்து, அந்தப் புண் வழியாக அழுகல் ஏறி, தோட்டம் தோட்டமாகக் கொடிகள் செத்தன. முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை, ஏனென்றால் செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் பூச்சி அங்கே இருக்காது, அது உயிருள்ள பக்கத்துக் கொடிக்குப் போயிருக்கும். 1868-ல் மோன்பெல்லியேயைச் சேர்ந்த தாவரவியலாளர் ழூல் எமில் பிளான்ஷோனும் அவரோடு போனவர்களும் இன்னும் சாகாத கொடிகளின் வேரைத் தோண்டிப் பார்த்து ஆளைப் பிடித்தார்கள். கடைசியில் கிடைத்த தீர்வு ஒட்டுக்கட்டுவது. அமெரிக்கக் கொடிகளின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும், ஆகவே கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கொடி.

பல இடங்களில் கார்மெனேரை ஃபிலாக்ஸெரா அழித்துவிட்டது என்று எழுதுவார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. பூச்சி எல்லா ரகத்தையும்தான் தின்றது. ஒட்டுக்கட்டி எந்த ரகத்தையும் திரும்பக் கொண்டுவந்திருக்க முடியும், கபர்னே சோவின்யோனை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். கார்மெனேரைக் கொண்டுவரவில்லை என்றால் அது விவசாயிகள் எடுத்த முடிவு. தோட்டம் முழுக்கப் பிடுங்கிப்போட்டு, கடன்பட்டு, முதலிலிருந்து நடவேண்டிய நிலையில் இருக்கிற ஒருவர், பூ கொட்டுகிற, பழுக்காத ஒரு ரகத்தை எதற்காகத் திரும்ப நடுவார்? மெர்லோ சீக்கிரம் பழுக்கும், நிறையக் காய்க்கும். அதையே நட்டார்கள். குறை சொல்ல முடியாது. 20-ஆம் நூற்றாண்டில் போர்தோவில் கார்மெனேர் அனேகமாக இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இனி சிலி. பூச்சி பிரான்சுக்கு வருவதற்கு முன்பே, 1850களில், சிலியின் பணக்காரக் குடும்பங்களுக்கு பிரெஞ்சு மோகம் பிடித்திருந்தது. சுரங்கத் தொழிலில் காசு பார்த்தவர்கள் போர்தோ பாணியில் தோட்டம் போட ஆசைப்பட்டார்கள். சில்வெஸ்த்ரே ஒச்சகாவியா என்பவர் பிரான்சிலிருந்து கொடிகளைக் கொண்டுவந்து நட்டதைத்தான் வழக்கமாக ஆரம்பமாகச் சொல்வார்கள். வந்த குச்சிக் கட்டுகளில் மெர்லோவும் கார்மெனேரும் கலந்தே வந்தன, கலந்தே நடப்பட்டன. போர்தோவிலும் அந்தக் காலத்துத் தோட்டங்களில் இப்படிக் கலந்து கிடப்பது சகஜம்தான், எப்படியும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத்தானே ஒயின் செய்யப்போகிறார்கள்.

சிலிக்கு அந்தப் பூச்சி இன்றுவரை போய்ச்சேரவில்லை. கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக், வடக்கே அட்டகாமா பாலைவனம், தெற்கே குளிர். இதோடு செடிகளை உள்ளே கொண்டுவருவதற்குக் கடுமையான கட்டுப்பாடும் உண்டு. அதனால் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கிற பழைய கொடிகள் அங்கே ஏராளம். போர்தோவில் போனது இங்கே பிழைத்துக்கொண்டது. ஆனால் இரண்டு ரகங்களின் இலையும் குலையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் காலப்போக்கில் எல்லாமே மெர்லோ ஆகிவிட்டது. சில கொடிகள் தாமதமாகப் பழுப்பதை விவசாயிகள் கவனிக்காமல் இல்லை. மெர்லோவிலேயே இது ஒரு வகை என்று நினைத்தார்கள். பெயூமோ பகுதியின் பெயரை வைத்து 'மெர்லோ பெயூமால்' என்று சொல்வதும் உண்டு.

1990களில் அமெரிக்காவில் மெர்லோ குடிப்பது ஒரு மோஸ்தராக இருந்தது, சிலி மெர்லோவும் நன்றாக விற்றது. ஆனால் அதில் ஒரு விசித்திரம், ஏதோ பச்சை வாடை, குடைமிளகாயை நறுக்கினால் வருமே அந்த மாதிரி. சிலி மெர்லோ என்றால் அப்படித்தான், அந்த ஊர் மண்வாசனை என்று பலர் விட்டுவிட்டார்கள்.

திராட்சை ரகங்களை இலை, தளிர், பூ, பழம் ஆகியவற்றின் உருவத்தை வைத்து அடையாளம் காண்பது ஒரு தனித் துறை. மோன்பெல்லியேயில் அந்தத் துறையைச் சேர்ந்த ழான்-மிஷேல் பூர்சிக்கோ, 1994 நவம்பரில் ஒரு மாநாட்டுக்காக சிலி போயிருந்தார். இந்த மெர்லோ மெர்லோதானா என்று அவருடைய ஆசிரியர் குளோத் வலாவுக்கு ஏற்கெனவே சந்தேகம் உண்டு. நவம்பர் 24-ஆம் தேதி, மைப்போ பள்ளத்தாக்கில் வின்யா கார்மென் நிறுவனத்தின் தோட்டத்தைச் சுற்றிப்பார்க்கும்போது பூர்சிக்கோ ஒரு கொடியின் முன்னால் நின்று பூவைக் கவனித்தார். தென்கோளத்தில் நவம்பர் என்பது வசந்தம், கொடி பூக்கிற நேரம். ஒரு மாதம் முன்னேயோ பின்னேயோ போயிருந்தால் இந்த அடையாளம் கண்ணில் பட்டிருக்காது. மகரந்தத் தாள்கள் மெர்லோவில் இருக்கிற மாதிரி நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு இருந்தன. இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். போர்தோவில் அனேகமாகத் தொலைந்துபோனது இங்கே ஏக்கர் ஏக்கராக நின்றுகொண்டிருந்தது. பிறகு டிஎன்ஏ சோதனையும் அதையே சொன்னது.

தெரிந்த பிறகு பார்த்தால் வித்தியாசங்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. மெர்லோவின் இளந்தளிர் நுனி வெளுப்பாக இருக்கும், கார்மெனேருக்குச் செம்மை ஓடியிருக்கும். இலையுதிர் காலத்தில் மெர்லோ இலை மஞ்சளாகும், கார்மெனேர் இலை நல்ல ரத்தச் சிவப்பாக மாறும். ஒரே வரிசையில் இரண்டும் கலந்து நிற்கிற தோட்டத்தில் அந்தச் சமயத்தில் நடந்துபோனால் எது எது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் இரண்டு வேறு ரகம் இருக்கிறது என்று தெரியாதவருக்கு அது வெறும் இலை நிறம், அவ்வளவுதான்.

சரி, பச்சை வாடைக்கு வருவோம், ஏனென்றால் இந்தத் திராட்சையின் குணம் முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கிறது. திராட்சைக் காயில் பைரசின் என்ற வகையைச் சேர்ந்த வாசனைப் பொருள் ஒன்று உண்டு. குடைமிளகாய்க்கு அந்த வாசனையைக் கொடுக்கிற அதே மூலக்கூறு. கபர்னே குடும்பத்து ரகங்களில் இது அதிகம், கார்மெனேரில் இன்னும் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 நானோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும், நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒயினில் மற்ற வாசனைகளும் சேர்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் தெரியும், ஆனாலும் அளவு அற்பம்தான். காயாக இருக்கும்போது சேர்கிற இந்தப் பொருள் பழம் பழுக்கப் பழுக்கக் குறைந்துகொண்டே போகும். காய் பருவத்தில் குலைமேல் வெயில் பட்டால் சேர்வதே குறையும். இதற்காகக் குலைக்குப் பக்கத்து இலைகளைச் சரியான நேரத்தில் கிள்ளிவிடுவார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மெர்லோவை மார்ச் மாதத்தில் பறிக்கிறார்கள் என்றால் கார்மெனேர் ஏப்ரல் கடைசி, மே என்று போகும். எல்லாம் மெர்லோ என்று நினைத்து மெர்லோ பழுத்த நாளில் இரண்டையும் சேர்த்துப் பறித்தால், தொட்டியில் கொட்டுவதில் ஒரு பங்கு பழுத்த மெர்லோ, மறு பங்கு அரைகுறையாகப் பழுத்த கார்மெனேர். பச்சை வாடைக்கு மண்ணும் காரணமில்லை, ரகமும் முழுக் காரணமில்லை. வேறொரு திராட்சையின் காலண்டரை வைத்துப் பறித்ததுதான் காரணம்.

அப்படியானால் மே மாதம் வரை விட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. பைரசின் குறைகிற வரை காத்திருக்கும்போது சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது, ஆகவே 14, 14.5 சதவீதம் என்று வந்து நிற்கும். புளிப்பும் இறங்கிவிடும், கார்மெனேருக்கு முதலிலேயே புளிப்பு குறைவு. விளைவு, ஜாம் மாதிரி கெட்டியாக, சூடாக, மந்தமாக ஒரு ஒயின். வாடை போகவேண்டும், புத்துணர்ச்சியும் மிஞ்சவேண்டும் என்றால் பறிப்பதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான். கண்டுபிடிப்புக்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில் சிலிக்காரர்கள் ஒரு பக்கம் பச்சையாகவும் மறு பக்கம் அளவுக்குமேல் பழுக்கவைத்தும் இரண்டு விதமாகவும் தடுமாறினார்கள். ஓக் மரப்பீப்பாயின் வாசனையைத் தாராளமாக ஏற்றிக் குறையை மூடியதும் உண்டு. எனக்கு அந்தப் பாணி பிடிப்பதில்லை, குடித்தால் பீப்பாய்தான் நாக்கில் நிற்கும்.

1998-ல் சிலி அரசு கார்மெனேரைத் தனி ரகமாக அங்கீகரித்தது. அதற்கு முன்பே வின்யா கார்மென் இதைத் தனியாக பாட்டிலில் அடைத்தது. ஆனால் அந்தப் பெயர் சட்டப்படியான பட்டியலில் இல்லாததால் 'கிராந்த் விதூர்' என்ற பழைய போர்தோ பெயரைப் போட்டு விற்றார்கள். வியாபாரிகளுக்குத் தயக்கம் இருந்திருக்கும், மெர்லோ என்று எழுதினால் தானாக விற்கிற காலத்தில் யாருக்கும் தெரியாத பெயரை எழுதச்சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும். இருந்தாலும் எழுதினார்கள். இன்று சிலியில் சுமார் 10,000 ஹெக்டேரில் கார்மெனேர் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் சிலியைப் போலப் பெயர் சொல்லி இவ்வளவு வளர்ப்பதில்லை. கச்சபோவால் ஆற்றங்கரையில் இருக்கிற பெயூமோவும், கொல்சாகுவா பள்ளத்தாக்கின் அபால்தாவும் இதற்குப் பேர்பெற்ற இடங்கள். பெயூமோவில் மண் ஆழமானது, களியும் கலந்தது, ஈரத்தைப் பிடித்துவைக்கும். இலையுதிர் காலம் நீளமாக, மழையில்லாமல் போகும். போர்தோவில் கிடைக்காத அந்தக் கூடுதல் வாரங்கள் இங்கே கிடைக்கின்றன. கார்மெனேர் மற்ற ரகங்களைவிட அதிகமாக இருந்த க்ளோ அபால்தா என்ற ஒயினின் 2005 அறுவடையை, அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை 2008-ல் அந்த வருஷத்தின் ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. பச்சை வாடைக்காரன் என்று பேர் வாங்கிய ரகத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆள்மாறாட்டம் சிலியோடு நிற்கவில்லை. வடகிழக்கு இத்தாலியில் இதே கொடியை கபர்னே ஃப்ராங் என்று நினைத்து வளர்த்திருக்கிறார்கள். சீனாவில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே 'கபர்னே கெர்னிஷ்ட்' என்று ஒரு ரகம் ரொம்பப் பிரபலம், மரபணுவைப் பார்த்தால் அதுவும் கார்மெனேர்தான். அதை யந்தாய் நகரத்துக்குக் கொண்டுவந்தது 1892-ல் தொடங்கப்பட்ட சாங்யூ ஒயின் நிறுவனம். அதைத் தொடங்கிய சியோங் ஃபட் ட்சே யார் தெரியுமா? பினாங்கில் லெயித் தெருவில் நிற்கிறதே அந்த நீல மாளிகை, அதைக் கட்டியவர். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகிற தூரம். மலேசியத் தமிழர்கள் பலருக்கு அந்த வீட்டைத் தெரியும், அந்த வீட்டுக்காரரின் திராட்சைக் கதை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

குடித்தால் எப்படியிருக்கும்? நிறம் அடர்ந்த ஊதாச் சிவப்பு. நன்றாகப் பழுத்ததில் கறுப்பு பிளம், பிளாக்பெர்ரி, மிளகு, கொஞ்சம் கோகோ, கொஞ்சம் புகை. துவர்ப்பு கபர்னே சோவின்யோன் அளவுக்கு நாக்கைப் பிடிக்காது, மெத்தென்று இருக்கும்; சிவப்பு ஒயினின் துவர்ப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆரம்பிக்க நல்ல இடம். பச்சை வாடை கொஞ்சூண்டு இருந்தால் குறையாக நினைக்காதீர்கள், சுட்ட குடைமிளகாய் அளவில் இருந்தால் அதுதான் இதன் கையெழுத்து. பச்சைக் குடைமிளகாய் மட்டும்தான் தெரிகிறது, பழமே இல்லை என்றால் சீக்கிரம் பறித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மலிவான பாட்டில்களில் இது அடிக்கடி நடக்கும், ஆகவே முதல் தடவை வாங்குவதாக இருந்தால் அடிமட்ட விலைக்கு ஒரு படி மேலே போங்கள்.

அப்புறம், லேபிளில் கார்மெனேர் என்று போட்டிருந்தாலும் முழுக்க அதுவே என்று அர்த்தமில்லை. சிலி சட்டப்படி 75 சதவீதம் இருந்தால் ரகத்தின் பெயரைப் போடலாம், ஐரோப்பாவில் விற்க 85 வேண்டும். மீதியில் பெரும்பாலும் கபர்னே சோவின்யோனோ சிராவோ (ஷிராஸ் என்பதும் இதுதான்) சேர்ப்பார்கள், புளிப்பும் பிடிப்பும் கொடுப்பதற்காக. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, போர்தோ காலத்திலிருந்தே இந்தத் திராட்சை கூட்டாளிகளோடுதான் வந்திருக்கிறது.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் கொடு என்று எழுதியிருப்பதை நம்பி நம்மூர் வெயிலில் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். அந்த அறை 16, 18 டிகிரி உள்ள ஐரோப்பிய அறை. 32 டிகிரியில் கார்மெனேரைத் திறந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் வைத்து அந்த அளவுக்குக் குளிரவிட்டு எடுங்கள். மிளகு, சீரகம், நெருப்பில் வாட்டிய ஆட்டுக்கறி இதனோடு நன்றாகச் சேரும், ஆனால் மிளகாய்க் காரம் அதிகமானால் 14 சதவீத ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டிவிடும். சாதாரண விலை பாட்டில்களை வாங்கி வருஷக்கணக்கில் சேர்த்துவைக்கத் தேவையில்லை, அறுவடை வருஷத்திலிருந்து நாலைந்து வருஷத்துக்குள் குடித்துவிடலாம்.